வாசலுக்கு வரும் பிரஷர் மாத்திரை: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சேவை பற்றி ஒரு மதிப்பீடு

உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கே சென்று, அழுத்தத்தை அளந்து, மாதத்துக்குரிய மாத்திரைகளைக் கட்டணமின்றிக் கொடுத்துவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. தமிழ்நாடு அரசு இதனை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. தொற்றா நோய்த் தடுப்புக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு வழங்கும் விருது 2024இல் இதற்குக் கிடைத்தது. காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் என் உறவினர்களும் அண்டை வீட்டாரும் இச்சேவையைப் பெற்றுவருவதைத் தொடர்ந்து கவனித்து வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரம், செலவு ஆகிய இரண்டு தடைகளையும் இச்சேவை பெருமளவு நீக்கிவிட்டது. ஆனால் மாத்திரை வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு, அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், யார் எதை யாரிடம் மறைக்கிறார்கள் என்பவைதாம் அழுத்தம் கட்டுக்குள் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கின்றன. மாத்திரை கொண்டுவரும் பெண் அந்த வீட்டின் உள்விவகாரத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைய முடிகிறதோ, அவ்வளவு தூரமே இச்சேவை வெற்றி பெறுகிறது.

இப்படியொரு சேவை ஏன் தேவைப்பட்டது என்பதை இரண்டு எண்களே விளக்கிவிடும். தொற்றா நோய்களையும் அவற்றுக்கான காரணிகளையும் மக்களிடையே அளக்கும் ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்டது. அதன்படி, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. மூன்றில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய், அந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரிடம் மட்டுமே அடங்கியிருக்கிறது என்றால், அது மருந்துப் பற்றாக்குறையால் வந்த நிலையாக இருக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்தே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கிவருகிறது. சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் 2007இலேயே உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து சிகிச்சை தரும் முன்னோட்டத் திட்டம் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. மருந்து இருந்தது, செவிலியர் இருந்தார், அளக்கும் கருவியும் இருந்தது. நோயாளிதான் வரவில்லை; வந்தவரும் மூன்றாம் மாதம் நின்றுவிட்டார்.

அவர் ஏன் நின்றார் என்பதற்கு அலட்சியம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுவது நியாயமல்ல. ஆரம்பச் சுகாதார நிலையம் போய்வர ஒரு விவசாயக் கூலிப் பெண் அரைநாள் வேலையை இழக்க வேண்டும்; நடவுக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ அந்த அரைநாளை அவள் இழக்கத் துணியமாட்டாள். வயதான அம்மாவாக இருந்தால், பேருந்து நிறுத்தம்வரை அழைத்துப்போக ஒரு மகனோ பேரனோ ஒழிய வேண்டும். தனக்காக இன்னொருவரின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று நினைப்பது நம் ஊர்ப் பெரியவர்களின் இயல்பு. காய்ச்சலுக்கோ வலிக்கோ கூப்பிடுவார்கள். ஒன்றுமே செய்யாத ஒரு நோய்க்காக, மாதம் தவறாமல் ‘என்னைக் கூட்டிக்கொண்டு போ’ என்று கேட்க அவர்களுக்கு மனம் வராது. இந்த மனத்தடையை உடைத்ததுதான் இச்சேவை செய்த மிகப் பெரிய காரியம் என்பேன். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீடு தேடி வரத் தொடங்கியபோது, யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இரண்டாவது ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 17 விழுக்காடாக உயர்ந்திருப்பதில் இந்த மாற்றத்துக்குக் கணிசமான பங்கு இருக்க வேண்டும் என்று நம்புகிறேன். இரு மடங்குக்கும் மேலான வளர்ச்சி இது. ஆயினும் நூறில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

சேவை நடைபெறும் முறை எளிது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாக இப்பணியில் இருக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கிறார்கள். அளவு கூடுதலாக இருப்பவர்களை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் உறுதிசெய்து மருந்தை முடிவு செய்த பிறகு, மாதந்தோறும் அதே மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கான வலி தணிக்கும் பராமரிப்பும் இதே திட்டத்தின் பகுதிகள். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும் என்பதால் இங்கே அவற்றைத் தொடவில்லை.

இந்தத் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர். யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, எந்த வீட்டு மருமகள் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மருத்துவமனையில் வெள்ளை உடுப்பின் முன்னால் ‘ஆமாம், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்’ என்று தலையாட்டும் அதே பெரியவர், தன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறார். எங்கள் தெருவில் நான் கேட்ட ஓர் உரையாடல் இது.

“பெரியம்மா, போன மாசத்து மாத்திரையே மிச்சம் இருக்கே, ஏன்?”

“சஷ்டி வந்துச்சா, அப்புறம் வெள்ளிக்கிழமை. வெறும் வயித்துல மாத்திரை போட்டா மயக்கம் வந்துராதா? அதான் விரத நாள்ல போடறதில்ல.”

“இந்த மாத்திரையைத் தண்ணியோட போட்டுக்கலாம் பெரியம்மா. சோறு சாப்பிட்டாத்தான் போடணும்னு இல்ல. சர்க்கரை மாத்திரைக்குத்தான் அந்தக் கணக்கு.”

மூன்றே வாக்கியங்களில் தீர்ந்துபோன இந்தச் சிக்கல் எத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்ததோ தெரியாது. அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் போன்ற மாத்திரையை உணவுக்கு முன்னும் பின்னும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு மாத்திரைக்குச் சொல்லப்படும் எச்சரிக்கையை இரண்டுக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டதால், விரத நாள் ஒவ்வொன்றும் மாத்திரையில்லா நாளாக ஆகிவிட்டது. கார்த்திகை சோமவாரம், புரட்டாசி சனி, ஆடி வெள்ளி, மாதாந்திரச் சஷ்டி என்று எண்ணிப் பார்த்தால், பக்தியுள்ள ஒரு பெண் ஓராண்டில் விடும் மாத்திரைகளின் எண்ணிக்கை சிறியதல்ல. ரமலான் மாதத்தில் நோன்பிருக்கும் இஸ்லாமியக் குடும்பங்களிலும் இதே கேள்வி எழுகிறது. நாளுக்கு ஒரு மாத்திரை மட்டுமே எடுப்பவர்கள் அதனை விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவுக்கோ மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டால் போதும். அந்தந்த ஊரின் விரதங்களையும் நோன்புகளையும் கணக்கில் கொண்டு, அந்த நாள்களுக்கு முந்தைய வாரமே இதைச் சொல்லும்படி தன்னார்வலர்களின் பயிற்சி அமைய வேண்டும். ஊர்க்காரரே தூதராக இருக்கும் ஒரு சேவையால்தான் இதைச் செய்ய முடியும். வேறெந்த மருத்துவ அமைப்பாலும் முடியாது.

‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற பேச்சோடு மோதுவதே இச்சேவையின் அன்றாட வேலை. நம்மிடையே நோய் என்றால் உடம்பு எதையாவது காட்ட வேண்டும். தலைசுற்றல், பின்மண்டை வலி, படபடப்பு இவற்றில் ஏதாவது வந்தால்தான் பிரஷர் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறோம். அன்றைக்கு ஒரு மாத்திரை, தலைசுற்றல் நின்றதும் நிறுத்தம். உண்மையில் 160, 170 என்று அழுத்தம் நிற்கும்போதுகூடப் பெரும்பாலோருக்கு எந்த உணர்வும் இருப்பதில்லை. சிறுநீரகமும் இதயமும் மூளையின் நுண்குழாய்களும் ஓசையின்றிக் கெட்டுக்கொண்டிருக்கும். கோபக்காரருக்கும் கவலைப்படுபவருக்கும் வரும் நோய் இது என்ற நம்பிக்கை இன்னொரு தடை. ‘மகள் கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும்’, ‘நான் யாரிடமும் கோபப்படுவதில்லையே’ என்று சொல்லி மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். மனஅழுத்தத்துக்குப் பங்கு உண்டு என்றாலும், வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, மது ஆகியவற்றால் ஏறிய அழுத்தம் கல்யாணம் முடிந்ததும் இறங்காது. ‘ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுக்க விட முடியாது’ என்று மாத்திரையைத் தொடங்கவே அஞ்சுகிறவர்களும் உண்டு. ஆயுள் முழுக்க இருக்கப்போவது நோய்தான், மாத்திரை அதற்குத் துணையாக வருகிறது என்பதை அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தால் புரியவைக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நன்றாக நடமாடும் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டித்தான் புரியவைக்க முடியும். தன்னார்வலர்களில் பலர் தாங்களாகவே இந்த உத்தியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அளக்கும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேவையின் முழுக் கட்டடமும் நிற்பது அந்த ஓர் எண்ணின் மேல்தான். சரியாக அளப்பதற்கான விதிகள் யாவரும் அறிந்தவை: அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காப்பியோ தேநீரோ புகையிலையோ கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும், கை, நெஞ்சின் மட்டத்தில் ஒரு மேசையின் மேல் இருக்க வேண்டும், பேசக் கூடாது. இந்த விதிகள் நாற்காலியும் மேசையும் உள்ள ஓர் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் அளவு எடுக்கப்படுவதோ திண்ணையிலோ வாசற்படியிலோ. காலை மடக்கி உட்கார்ந்து, கையைத் தொடையின் மேல் போட்டுக்கொண்டால், கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே போய் எண் கூடுதலாகக் காட்டும். வயலிலிருந்து வேகமாக நடந்துவந்த கையோடு அளந்தாலும் அப்படியே. தன்னார்வலர் வந்ததைப் பார்த்து எதிர்வீட்டாரும் கூடிவிடுவார்கள், பேச்சு நிற்காது, பேசிக்கொண்டே அளந்தால் எண் இன்னும் ஏறும். ரவிக்கைக் கையை இறுக்கமாக மேலே சுருட்டி அதன் கீழே கருவியின் பட்டையைக் கட்டுவதும், பருமனான கைக்குச் சிறிய பட்டையைப் போடுவதும் பிழையான அளவைத் தரும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையைத் தாங்க ஒரு தலையணை, இரண்டு முறை அளக்கும் பொறுமை, இரண்டு அளவுப் பட்டைகள் இருந்தால் இவற்றில் பெரும்பகுதி சரியாகிவிடும். திட்டத்தில் இதற்காகச் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாயும் பயனுள்ளது என்று உறுதியாக நம்புகிறேன்.

திண்ணையில் கூடும் கூட்டம் எண்ணைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. அது நோயாளியின் வாயையும் அடைத்துவிடுகிறது. ஐம்பது வயதுப் பெண்மணிக்கு அழுத்தம் இருப்பது தெருவுக்குத் தெரிந்தால் ஒன்றும் ஆகாது. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இருப்பது தெரிந்தால், மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு அது போய்விடும் என்று பெற்றோர் பதறுகிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இந்தப் பயம் இப்போது வந்திருக்கிறது. விளைவாக, இளம் வயதினர் அளக்கவே மறுக்கிறார்கள், அல்லது அளந்து தெரிந்ததை மறைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்காமல் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறிய பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிரசவம்வரை ஒவ்வொரு வாரமும் கவனித்த குடும்பம், குழந்தை பிறந்ததும் அவளுடைய அழுத்தத்தை மறந்துவிடுகிறது. அத்தகைய பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான உயர் அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. தாய்-சேய் நலப் பதிவேட்டில் இருக்கும் அந்தப் பெயர்கள், நேராகத் தன்னார்வலரின் பட்டியலுக்கு வந்து சேர வேண்டும். வயதானவர்களுக்கு வாசலும், இளையவர்களுக்கு உள்ளறையும் என்று அளக்கும் இடத்தை மாற்றிக்கொள்வது செலவில்லாத சீர்திருத்தம்.

இனிச் சமையலறைக்கு வருகிறேன். இச்சேவை மிகவும் பலவீனமாக இருக்கும் இடம் இதுவே என்பது என் கணிப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பே போதும் என்கிறது. நம் உணவு அதைக் காலையிலும் நண்பகலிலுமே தாண்டிவிடுகிறது. ‘உப்பைக் குறையுங்கள்’ என்று தன்னார்வலர் சொல்வது உண்மைதான். அதை யாரிடம் சொல்கிறார் என்பதே கேள்வி. நோயாளி மாமனாராக இருந்தால், உப்புப் போடும் கை மருமகளுடையது. நோயாளி மாமியாராக இருந்தால், குழம்பில் உப்புக் குறைந்தது மருமகளின் கைப்பக்குவக் குறையாகப் பேசப்படும். நோயாளி சமைக்கிறவளாகவே இருந்தால், கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பிடித்த உப்பைப் போட்டுவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் தானும் சாப்பிடுவாள். தனக்கென்று தனியாக ஒரு பாத்திரம் வைப்பதை அவள் தன்னலமாகவே கருதுவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குகள் ஒரே வீட்டில் ஐந்தாறு இருக்கும்போது, ஒருவரின் அழுத்தத்துக்காகப் பானையில் உப்பைக் குறைப்பது குடும்ப முடிவாகிறது. அந்த முடிவை எடுக்கும் ஆள் பெரும்பாலும் தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

அறிவுரையும் பொதுவாக இருப்பதால் பயன் குறைகிறது. உப்பைக் குறை என்று சொன்னால் குழம்பில் ஒரு சிட்டிகை குறையும். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை அப்படியே இருக்கும், ஏனென்றால் அவற்றை யாரும் உப்பாக எண்ணுவதில்லை. காலையில் பழைய சோற்றுக்கு ஊறுகாய் அல்லது கருவாடு தொட்டுக்கொள்ளும் உழைப்பாளிக்கு, அவற்றுக்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் சொன்னால் அவர் அதை மறுக்கமாட்டார். அது அவருக்குப் பழகிய சுவைதான். சோறு வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்தினால் வீட்டில் ஒருவருக்கும் வேறுபாடே தெரியாது. புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சற்றுத் தூக்கலாக வைத்தால் குழம்பில் உப்புக் குறைந்தது நாக்குக்கு எட்டாது. இப்படி வட்டார உணவையொட்டிய பேச்சாக இருந்தால்தான் அது அடுப்படிக்குள் போகும். இந்துப்பு பற்றிய தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். சாதா உப்புக்குப் பதிலாக இந்துப்பு போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அழுத்தத்தைப் பொறுத்தவரை அது வேறு பொருளல்ல. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு வேறு. அதை வீட்டுச் சமையலில் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனாலபிரில், டெல்மிசார்ட்டன் போன்ற அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உடலில் பொட்டாசியம் அளவுமீறி ஏறினால் இதயத் துடிப்பையே அது பாதிக்கும்.

ஆண்களை இச்சேவை போதிய அளவு எட்டவில்லை. தன்னார்வலர் வரும் பகல் நேரத்தில் கொத்தனார் கட்டடத்தில் இருக்கிறார், ஓட்டுநர் நெடுஞ்சாலையில் இருக்கிறார், கடைக்காரர் கல்லாவில் இருக்கிறார். அவருடைய மாத்திரையை மனைவி வாங்கி வைக்கிறார். அவருடைய அழுத்தத்தை அளக்க யாருமில்லை. அளக்காமல் மாத்திரை மட்டும் தொடர்வது கட்டுப்பாடு ஆகாது. மது அழுத்தத்தை உயர்த்துகிறது என்பதும், குடிக்கும் இரவில் மாத்திரை மறந்துபோகிறது என்பதும் மனைவிக்குத் தெரியும். அதை அவள் வெளியில் சொன்னால் வீட்டில் சண்டை வரும். இக்குறையை அரசும் உணர்ந்திருக்கிறது. 2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ தொழிற்சாலைகளுக்கும் பணியிடங்களுக்கும் இப்பரிசோதனையைக் கொண்டுசெல்கிறது. அது நல்ல அடி. ஆயினும் பெயர்ப்பட்டியலும் வாயிற்காவலும் இல்லாத வேலைகளில்தான் தமிழ்நாட்டு ஆண்கள் பெரும்பாலோர் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் கூலியாட்கள் கூடும் தேநீர்க்கடை முனை, ஆட்டோ நிறுத்தம், மீன் இறங்கும் துறை, நெல் கொள்முதல் நிலையம் ஆகியவற்றில் மாதம் ஒருமுறை ஒரு மேசையும் நாற்காலியும் போடப்பட்டால், வீட்டில் கிடைக்காத ஆண்கள் அங்கே கிடைப்பார்கள்.

மாத்திரையின் தரத்தைப் பற்றிப் பலருக்கு ஐயம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது வீரியம் குறைந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசு மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அதே வேதிப்பெயர் கொண்ட மாத்திரையைக் கடையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. காசு தீர்ந்த மாதத்தில் இரண்டுமே நின்றுபோகும். மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்யும் மருந்துகள் ஆய்வகச் சோதனைக்கு உட்பட்டவை என்பதை ஊர்ப் பெரியவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்; அதைவிட, அதே மாத்திரையால் அழுத்தம் இறங்கியதை அட்டையில் எழுதிக் காட்டுவது நல்ல சான்று.

பக்கவிளைவுகளைப் பற்றிய பேச்சு இன்னும் திறந்ததாக இருக்க வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலபிரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். களைபறிக்கப் போன இடத்தில், நூறுநாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில், நீண்ட பேருந்துப் பயணத்தில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? அதனால் அவள் வேலைநாளில் மாத்திரையையும் தண்ணீரையும் சேர்த்தே தவிர்த்துவிடுகிறாள். இதை ஆண் மருத்துவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். தன்னார்வலரிடம் சொல்வாள், கேட்டால். மாத்திரையை மாற்றவும் எடுக்கும் நேரத்தைத் திருத்தவும் வழிகள் இருக்கின்றன. எனவே ‘மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்பதோடு நிறுத்தாமல், ‘சாப்பிட்டால் என்ன தொந்தரவு செய்கிறது’ என்றும் கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

மூட்டுவலி மாத்திரை இன்னொரு மறைந்த காரணம். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் வருத்தும். நடவுக்கும் அறுப்புக்கும் குனிந்து உழைத்த பெண்கள் இவற்றை அன்றாடம் விழுங்குகிறார்கள்; கேட்டால் ‘அது வலிக்குத்தானே’ என்பார்கள். பிரஷர் மாத்திரை வேலை செய்யவில்லை என்ற புகாரின் பின்னால் பலமுறை இதுவே இருக்கிறது. நாட்டு மருந்தைப் பொறுத்தவரை, அதை இழிவாகப் பேசும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சர்ப்பகந்தா என்ற நம் மூலிகையின் ஆற்றலை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில இதயவியல் இதழில் எழுதிய பிறகே உலகம் அறிந்தது; அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் அழுத்த மருந்தாக இருந்தது. வேருக்கு ஆற்றல் இருப்பதாலேயே அதற்கு அளவும் வேண்டும், தீங்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. முருங்கைக் கீரையும் பூண்டும் உணவில் நிறைய இருக்கட்டும். 140/90ஐத் தாண்டி நிலைத்துவிட்ட அழுத்தத்துக்கு அவற்றை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர் திட்டு வாங்கும் அச்சமின்றி அதைச் சொல்லும் சூழல் இருந்தால்தான் இரண்டையும் சேர்த்துக் கண்காணிக்க முடியும்.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால் இச்சேவை எங்கே நிற்கிறது? தனியார் மருத்துவரிடம் நேரம் ஒதுக்கிப் பேசும் வாய்ப்புக் கிடைக்கலாம். ஆனால் மாதாந்திரச் செலவு தாங்காமல் பாதியில் நிற்பவர்கள் அதிகம். அவ்வப்போது நடக்கும் இலவச முகாம்கள் நோயைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகின்றன, அடுத்த மாதம் கேட்க ஆளில்லை. வீட்டிலேயே மின்னணுக் கருவி வாங்கி வைத்துக்கொள்வது வசதியுள்ளவர்களுக்கு நல்ல துணை. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. ஆனால் எண் சற்று ஏறினால் பதறி இரண்டாவது மாத்திரை போடுவதும், இறங்கினால் நிறுத்துவதும் கருவி உள்ள வீடுகளில் நடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய ஒரு சிகிச்சைக்கு, மாதம் தவறாமல் பெயர் சொல்லி வாசலில் கூப்பிடும் ஒரு பெண்ணைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

அந்தப் பெண்ணுக்கு நாம் தருவது என்ன என்பதே என் கடைசிக் கேள்வி. அவர் நிரந்தர ஊழியர் அல்லர். ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர். வெயிலில் பல தெருக்களை நடந்து, கருவியையும் மாத்திரைகளையும் சுமந்து, செயலியில் ஒவ்வொரு பதிவையும் ஏற்ற வேண்டியவர். எத்தனை வீடுகள் முடித்தார் என்று எண்ணும் ஒரு முறையில், ஒரு வீட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்து மருமகளிடமும் மாமியாரிடமும் உப்பைப் பற்றிப் பேசியது எந்தக் கணக்கிலும் வராது. அவருடைய பணியை வீடுகளின் எண்ணிக்கையால் அளப்பதை விட்டு, கட்டுக்குள் வந்தவர்களின் எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினால், அவருக்குக் குறைந்த வீடுகளும் நிறைந்த நேரமும், கூடவே கௌரவமான ஊதியமும் கொடுத்தாக வேண்டும். இதைச் செய்யாமல் விருதுகளால் மட்டும் 17 விழுக்காட்டை ஐம்பதாக்க முடியாது.

இச்சேவையில் இன்னும் சேராதவர்கள் அருகிலுள்ள துணைச் சுகாதார நிலையத்திலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியலாம்; 104 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். முதல்முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய மருந்துச் சீட்டோடு, வீட்டில் இருக்கும் வலி மாத்திரை அட்டைகளையும், கஷாயம், லேகியம் எதுவானாலும் அதன் புட்டியையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சமைப்பவர் யாரோ அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் அளந்த எண்ணை அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள். மருத்துவர் வேறு இலக்கு சொல்லியிருந்தாலொழிய, அந்த எண் தொடர்ந்து 140/90க்கு மேலேயே இருந்தால், வாசலில் மாத்திரையை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் மருத்துவரிடம் போய் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.